சிவப்புக் கோட்டுக்குக் கீழே இரண்டு ராடு

சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறினால், இறங்க வேண்டிய இடத்தில் அவர் இறங்க மாட்டார். அதற்கடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இருக்காது. "அங்க என்ன இருக்குதுன்னு பாத்துட்டு நடந்து வந்தர்லாம், வா" என்பார். ஒரு பெட்டிக்கடை, ஒரு சலூன், பூட்டிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில், இவ்வளவுதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செரி, இவ்வளவுதானா" என்று திரும்புவார். கம்ப்ரசருக்கு வாங்கிய சாமானைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் சென்னைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் ஒருநாள்கூட நான் முதல் நிறுத்தத்தில் தனியாக இறங்கியதில்லை.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடும் லாரியின் பின்னால் நின்று லீவர்களைப் பிடிக்கிறவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். நான் அதே வண்டியில் கம்ப்ரசர் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சேலம், நாமக்கல் ஜில்லாவில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும், அவர்கள் தோட்டத்தில் அவர் போட்ட குழி இருக்கும். நான் அவருக்குச் செய்ததும் தெரிந்துவிடும்.

ரிக் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இருபதடி நீள இரும்புக் குழாய்க்கு ராடு என்று பெயர். ஒன்று இறங்கியதும் அதன் தலையில் இன்னொன்றை மாட்டி இறக்க வேண்டும். ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வரும் கல்தூளில் ஒரு கை அள்ளித் தரையில் தனிக் குவியலாக வைப்போம். நாற்பது ராடு இறங்கினால் வரிசையாக நாற்பது குட்டிக் குவியல். பூமிக்குள் எந்த ஆழத்தில் என்ன கல் என்று அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும். தோட்டத்துக்காரர்கள் அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பரீட்சை ரிசல்ட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வார். வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார். அப்புறம் சொல்வார்: "இன்னொரு ராடு போட்டுப் பாத்தரலாமுங்க."

அந்த வாக்கியம் இல்லாமல் அவருக்கு ஒரு குழியும் முடிந்ததில்லை. ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து ராடு போயும் வெறும் கல்தூள் புகைதான் வந்தது. தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போதும் என்று சொல்லிவிட்டார். அவருடைய மனைவி வரப்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். இவர் இன்னொரு ராடு தன் பொறுப்பு என்று மாட்டினார். பாதி ராடு இறங்குவதற்குள் வெள்ளையாகத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து என் தலையெல்லாம் சேறானது. அந்தம்மா ஓடிவந்து அவர் காலில் விழப் பார்த்தார். அன்று முதல் ஓமலூர் வட்டாரத்தில் அவருக்குச் சாமிக்கு அடுத்த இடம்.

சேந்தமங்கலத்தில் நடந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கேயும் இன்னொரு ராடு என்று ஆரம்பித்தார், அது ஐந்து ராடு ஆனது. கடைசியில் மொத்த ராடும் குழிக்குள் சிக்கிக்கொண்டது. மூன்று நாள் இழுத்தும் வரவில்லை, மண்ணுக்கே விட்டுவிட்டு வந்தோம். வண்டி முதலாளி அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி போனதும் என்னிடம் மெதுவாக, "ஆறாவதுல தண்ணி இருந்துருக்கும்" என்றார். அப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது.

அவர் கல்யாணத்தன்றும் இதே கதைதான். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ரிக் சட்டையோடு, புருவமெல்லாம் கல்தூளாக மண்டபத்துக்குள் வந்தார். பெண் வீட்டார் முதலில் வேறு யாரோ என்று நினைத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி காட்டினார்கள். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்வார்.

ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் பிடிக்காமல் இருந்தது. ஆழமாக ஒரு போர் போட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றும். எங்கள் சீமையில் அது ஊரறிந்த விஷயம், பாதிச் சண்டைகள் அதனால்தான். வற்றியவர்கள் வண்டியை மறித்து நிற்பார்கள், சாபம் விடுவார்கள். இவர் கோபப்பட மாட்டார். லீவரை விட்டுவிட்டு வந்து, "மேல வேலி போட்டிருக்கறீங்க, செரி. உள்ளுக்குள்ள வேலி ஏதுங்க?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த ராடை மாட்டுவார். எனக்கு அந்த நேரத்தில் கம்ப்ரசரின் மீட்டரைப் பார்க்க வேண்டிய அவசியம் வந்துவிடும்.

ருமேனியாவுக்குப் போன கதைக்கு வருகிறேன். அந்த நாட்டில் ஆளில்லை, எந்த வேலைக்கும் எடுக்கிறார்கள் என்று நம் பக்கத்துப் பையன்களெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடு பண்ண அங்கே பூமிக்குள் குழி போட்டு பைப் இறக்குவார்கள், அதற்கு டிரில்லர் வேண்டும் என்று சேலத்து ஏஜெண்ட் சொன்னான். இவருக்குக் கேட்க வேண்டுமா. அது பஸ்ஸின் கடைசி நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தம். "வா சாமி, அங்க என்ன கல்லு இருக்குதுன்னு பாத்துட்டு வந்தர்லாம்" என்றார். வழக்கம்போல நானும் போனேன்.

எங்களைக் கொண்டுபோய் விட்ட ஊர் மலைகளுக்கு நடுவில் இருந்தது. மலை என்றால் எனக்குக் கொல்லிமலைதான், கல்லும் முகடுமாகச் சுவர்போல நிற்கும். இங்கே ஒவ்வொரு மலையும் தனித்தனியாக, தட்டில் கவிழ்த்த இட்லி மாதிரி உருண்டையாக இருந்தது. சரிவெல்லாம் பச்சைப் புல், அதற்கு மேல் கறுத்த ஊசியிலைக் காடு. வீடுகளின் அஸ்திவாரம், தோட்டத்துச் சுவர், சர்ச் கோபுரம் எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கல். ரோட்டோரத்துக் குட்டையில் தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இவர் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி விரலை விட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

சைட் இன்ஜினியர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், சிரிக்கவே மாட்டார். அவர் தன் மொழியில் போனில் பேசினால், போன் தமிழில் செய்தி வாசிக்கும் குரலில் சொல்லும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்குள்ள மலைகள் அனைத்தும் எரிமலைகள் ஆகும். அவை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அணைந்துவிட்டன." இவர் போனைக் கையில் வாங்கி, வாயருகே வைத்துக் கேட்டார்: "அணைஞ்சுதுன்னு யாரு உள்ள போயிப் பாத்தாங்க?" அது எப்படி மொழிபெயர்ந்ததோ, அந்தம்மா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆயுசெல்லாம் கருங்கல்லையும் வெள்ளைக் கல்லையும் குடைந்த மனுஷனுக்கு அந்த மண் பைத்தியம் பிடிக்க வைத்தது. ஒரு ராடு ரவை மாதிரிச் சாம்பல், அடுத்தது செங்கல் சூளையில் வெந்ததுபோலச் சிவப்பு, அதற்கடுத்தது உடைக்கவே முடியாத சாம்பல் நிறக் கல், மறுபடியும் ரவைச் சாம்பல். மலை எத்தனை தடவை கக்கியதோ அத்தனை அடுக்கு என்று இன்ஜினியர் சொன்னார். ஒரு தடவை ஓட்டை ஓட்டையாக ஒரு கல் வந்தது. இவர் அதைப் பக்கெட்டுத் தண்ணீரில் போட்டார், மிதந்தது. அமுக்கி விட்டார், மறுபடியும் மேலே வந்தது. அன்று முழுவதும் சாப்பிடவில்லை, பக்கெட்டைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். மலை உச்சியில் ஒரு ஏரி இருந்தது. எரிமலையின் வாயே அந்த ஏரி. வட்டமாக, சுற்றிலும் காடு, தண்ணீர் உள்ளே வர ஓடையும் இல்லை, வெளியே போக வாய்க்காலும் இல்லை, மழைத்தண்ணீர் மட்டும். கரடி நடமாட்டம் என்று போர்டு வைத்திருந்த பாதையில் என்னை இழுத்துக்கொண்டு போனார். வாடகைப் படகில் நடுவுக்குப் போய், கொண்டுவந்திருந்த கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். நாலைந்து ஆள் உயரம்கூட இல்லை. கயிற்றை இழுத்து மறுபடி வேறு இடத்தில் இறக்கினார், அதே ஆழம். அவர் முகம் விழுந்துபோயிற்று. "இத்தாப் பெரிய வாயி, இவ்வளவுதானா தண்ணி" என்று அந்த மலைக்காக வருத்தப்பட்டார்.

பக்கத்திலேயே இன்னொரு வாய், அது பாசி மூடிப்போய்ச் சதுப்பாகக் கிடந்தது. குட்டை குட்டையாக வளராத பைன் மரங்கள். பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இறங்கினார். முழங்கால்வரை போய்விட்டது, நானும் இரண்டு வெள்ளைக்காரர்களும் சேர்ந்து இழுத்தோம். ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஊரில் ஒரு குழி இருந்தது. படியிறங்கிப் போனால் சுவரைச் சுற்றிப் பலகை. மூட்டுவலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மலைக்குள்ளிருந்து வரும் வாயு அந்தக் குழியில் இடுப்பளவு நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு நல்லது, மூக்கு மட்டும் சுவரில் போட்ட கோட்டுக்குக் கீழே போய்விடக் கூடாது. இவர் தீக்குச்சியைக் கிழித்து மெல்ல இறக்கினார். கோட்டுக்கு வந்ததும் அணைந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சியையும் காலி பண்ணினார். வெளியே வந்து, "மலை செத்துப்போச்சுன்னு சொல்றாங்க, மூச்சு வுட்டுக்கிட்டுல்ல இருக்குது" என்றார். அன்று முதல் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வாயுதான் ஊர் ஊற்றுக்கும் உயிர். தெருக்கோடியில் மரக்கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம், நடுவில் ஒரு கல் குழாய், அதிலிருந்து இரவு பகலாகச் சோடாத் தண்ணீர் தானாக வந்து விழும். துரு வாசனை அடிக்கும், நாக்கில் சுருசுருவென்று ஏறும். ஊரே கேனை எடுத்துக்கொண்டு அங்கேதான் வரும். ரொட்டிக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி தினமும் காலையில் கைவண்டியில் இரண்டு கேன் கொண்டுவருவார். எங்களைப் பார்த்தால் தலையசைப்பார். அவர் கணவர் படுக்கையில் இருந்தார், வேறு தண்ணீர் அவருக்கு இறங்காது என்று அப்புறம் தெரிந்தது.

எங்கள் வேலை அந்த ஊற்றுக்கு மேலே, சரிவில் இருந்த ஒரு விடுதியில். எட்டுக் குழி, ஒவ்வொன்றும் தொண்ணூறு மீட்டர். இங்கே ராடு பத்தடிதான், ஆக முப்பது ராடு. இன்ஜினியர் ஒரு காகிதத்தில் படம் வரைந்து தொண்ணூறில் சிவப்புக் கோடு போட்டார். அதற்குக் கீழேதான் ஊற்றுக்குப் போகும் தண்ணீர் வாயுவின் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, அதை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. போன் இரண்டு தடவை சொன்னது. எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று பிற்பாடு சொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஐந்து குழி சொன்னபடி முடிந்தது. முப்பதாவது ராடில் நிறுத்திவிட்டு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாது. கையைப் பிசைவார், குழியைச் சுற்றி வருவார். ஆறாவது குழியில் முப்பதாவது குவியல் மஞ்சளும் சிவப்புமாக, ஈரமாக மின்னியது. இன்ஜினியர் டவுனுக்குப் போயிருந்தார். இவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் நான் சொல்ல வந்தேன். பத்து வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது அந்த ஒரு தடவைதான். வேண்டாம் அண்ணா என்று நான் தலையை ஆட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. காற்றைக் கூட்டிக் கொடுத்தேன்.

முதல் ராடில் ஒன்றுமில்லை. இரண்டாவது ராடு முடிவதற்குள் தரை உறுமியது. வெள்ளை வெளேரென்று நுரைத்த தண்ணீர் மர உயரத்துக்கு எழுந்தது. ஜில்லென்று எங்கள் மேல் கொட்டியது. அவர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். தண்ணீர் வந்தால் தேங்காய் உடைக்க வேண்டும், அங்கே தேங்காய்க்கு எங்கே போவது. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆப்பிளை எடுத்துச் சுற்றி, ராடின் காலடியில் அடித்து உடைத்தார். நானும் கும்பிட்டேன். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. பீறல் அடங்கியதும் குழிக்கு மூடி போட்டு இறுக்கினோம். வேலைப் புத்தகத்தில் தொண்ணூறு என்று எழுதினோம். கூடுதலாக வந்த இரண்டு குவியலை அவர் காலால் கலைத்தார்.

மூன்றாம் நாள் ஊர் ஊற்று நின்றது.

நின்ற அன்று கேனோடு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் குழாயை உள்ளங்கையால் தட்டினார். மறுநாள் பாதிரியார் வந்தார். அதற்கும் மறுநாள் ரொட்டிக்கடைப் பெண்மணி காலிக் கேன்களோடு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேறி எங்கள் சைட்டுக்கு வந்தார். நம்மூரில் என்றால் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவர் தன் போனை எடுத்து நிதானமாகப் பேசினார். போன் எங்களைப் பார்த்துச் சொன்னது: "நீங்கள் பூமிக்கு அடியில் உள்ள நீரை அறிந்தவர்கள். தயவுசெய்து கூறுங்கள். எங்கள் நீர் எங்கே சென்றது?"

உள்ளுக்குள் வேலி ஏது என்று அவர் கேட்கவில்லை. அந்தம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எங்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று வண்டியைத் திருப்பினார். இறக்கத்தில் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போவதை இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் அவரிடம் கெஞ்சினேன். நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது, வெளியே தெரிந்தால் விசாவைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்கள், என் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் வாங்கியிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருங்கள் அண்ணா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் நான் சொன்னதைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்தபோது ஆறாவது குழியோரம் தரையில் முப்பது குவியல் வரிசையாக இருந்தது. முப்பதாவதுக்கு அப்பால் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அதிலிருந்து ஈரத்தூளை அள்ளி, குச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு குவியல் வைத்தார். இன்னொன்று வைத்தார். இரண்டு குவியலையும் காலால் கலைத்தார் என்றேனே, அதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார். இன்ஜினியர் குனிந்து அந்த இரண்டையும் பார்த்தார். போனே தேவைப்படவில்லை.

கம்ப்ரசரில் யார் இருந்தது என்று அந்தம்மா கேட்டார். இவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். லீவரையும் கம்ப்ரசரையும் தானே பார்த்ததாகவும், அப்போது நான் கடைக்குப் போயிருந்ததாகவும் சைகையில் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கம்ப்ரசரின் மீட்டரைப் பார்த்தேன்.

அந்தக் குழியை அடியிலிருந்து சிமெண்ட் இறக்கி அடைக்கச் சொன்னார்கள். அந்த வேலையை அவரே செய்தார், யாரையும் தொட விடவில்லை. ஊருக்கு அனுப்பும்வரை கிடைத்த ஐந்து நாளும் ஊற்று மண்டபத்திலேயே கிடந்தார். விமான நிலையத்துக்கு வேன் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி வந்தா ஒரு போன் போடு சாமி."

நான் போடவில்லை, அவர்தான் போட்டார். ஞாயிறு ஞாயிறாகப் போட்டார். வந்துருச்சா என்பார், இல்லீங்ணா என்பேன், செரி என்று வைத்துவிடுவார். இரண்டாவது ஞாயிறு அவர் மனைவி போனை வாங்கினார். வேலைக்குப் போவதில்லை, சோறு இறங்குவதில்லை, களத்தில் நடந்துகொண்டே இருக்கிறார் என்று அழுதார். மூன்றாவது ஞாயிறு அவர் கேட்டபோது, "வந்துருச்சுங்ணா" என்று சொல்லிவிட்டேன். இரக்கத்தில் சொன்னேன் என்றுதான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த போன் இனி வராமல் இருந்தால் போதும் என்றும் இருந்தது. வீடியோவில் காட்டு என்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. என் வார்த்தையே அவருக்குப் போதுமாக இருந்தது. "பழைய வேகமா?" என்றார். "அதே வேகங்ணா." அவர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான் இரண்டு வருஷம் அங்கே இருந்தேன். அந்தக் கல் குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மலைக்குள் வாயு வேறு வழியைப் பிடித்திருக்கும், எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று இன்ஜினியர் சொன்னார். ரொட்டிக்கடைப் பெண்மணி பக்கத்து ஊர் ஊற்றுக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கு அவர் கடையில் ரொட்டி வாங்கத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்து சேந்தமங்கலத்தில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டேன். அவர் பழையபடி ரிக்கில் ஏறிவிட்டிருந்தார், முன்னைவிட உற்சாகமாக. கடைக்கு வந்தால் இருப்பவர்களிடமெல்லாம் எரிமலைக் கதைதான். கல் மிதந்ததைச் சொல்வார், தீக்குச்சி அணைந்ததைச் சொல்வார், கடைசியில் ஊற்றுக்கு வருவார். "தப்புப் பண்ணுனேன். சிமெண்டு ஊத்தி அடச்சேன். மூணே வாரம், தண்ணி வந்துருச்சு. இவன் கண்ணால பாத்தவன், கேளுங்க" என்று என்னைக் காட்டுவார். நான் தலையாட்டுவேன். ஒரு தடவை ஆட்டிவிட்டால் அடுத்த தடவை நிறுத்துவது கஷ்டம்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு அரை ஏக்கர் அரளித் தோட்டம், எழுபதடிக் கிணறு. கணவர் இல்லை, பூவை விற்றுத்தான் ஜீவனம். பக்கத்துத் தோட்டக்காரர் இவரை வைத்துப் போர் போட ஏற்பாடு பண்ணினார். அந்தம்மா வரப்பில் வந்து மறித்து நின்றார். இவர் என்னைக் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். முன்புபோல வேலிப் பேச்சு பேசவில்லை, வாக்குக் கொடுத்தார்: "உங்க கெணறு வத்துனா இந்தக் குழிய நானே அடச்சுத் தர்றனுங்கம்மா. தண்ணி திரும்பி வந்துரும். இவனக் கேளுங்க." அந்தம்மா என்னைப் பார்த்தார். பயந்த, ஆனால் நம்பிவிட வேண்டும் என்றிருந்த முகம். "ஆமாங்க, வருமுங்க" என்றேன்.

அவர் ஒரு ராடு கூடுதலாகத்தான் போட்டார். பத்து நாளில் கிணற்றில் சேறு தெரிந்தது.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். தோட்டக்காரர் அடிக்க வந்தும் கேட்கவில்லை, சிமெண்ட் மூட்டைகளைத் தானே இறக்கிக் குழியை அடைத்தார். அதற்கப்புறம் ரிக்குக்குப் போகவில்லை, அந்தம்மாவின் தோட்டத்திலேயே கிடக்கிறார் என்று அவர் மனைவி சொல்லி அனுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது சாயங்காலம். அரளிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வண்டியில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன். அண்ணா, அங்கே தண்ணீர் வரவில்லை, நான் சொன்னது பொய். இவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கீழே தோட்டத்தில் அந்தம்மா ஒரு செடியின் அடியில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"குழிய அடச்சு இன்னியோட ரெண்டு ஞாயிறு ஆச்சு சாமி" என்றார் அவர், கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே. "அங்க மூணாவது ஞாயிறுதான வந்துச்சு?"

"ஆமாங்ணா."

"காத்தாலயா, பொழுதோடயா?"

"காத்தாலதாங்ணா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அப்பச் செரி. அடுத்த ஞாயிறு விடியறதுக்கு முன்னயே நான் வந்தர்றேன்" என்றார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, அந்தம்மாவிடம் அதைச் சொல்வதற்காக மேட்டிலிருந்து இறங்கிப் போனார்.